அந்த அறையில் ஆர் ஆர் நின்றது

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. நான் வேலைக்குப் போகிற வீட்டுப் பெரியவருக்கும் வெள்ளி பெரிய நாள். பொழுதுபடுவதற்குள் கூட்டித் துடைத்து, சூப்பைச் சூடாக்கி, மேசையில் வெள்ளைத் துணி விரித்துவிட வேண்டும். பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், அவர் ஒரு சுவிச்சையும் தொடமாட்டார். எங்கள் இருவருடைய விரதமும் ஒரே நாளில் வந்ததால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினவன் நான். ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முழங்கால் பழுதான பிறகு, வயதானவர்களின் வீடுகளுக்கு உதவிக்கு ஆள் அனுப்புகிற ஒரு இடத்தில் வேலை கிடைத்தது. கடைக்குப் போவது, குப்பை இறக்குவது, டாக்டரிடம் நேரம் குறித்த டெர்மின் இருந்தால் கூடப் போவது. அப்படித்தான் இந்தப் பெரியவரிடம் வந்தேன். யூதர். எண்பத்தெட்டு வயது. வேலை செய்த காலம் முழுக்க மற்றவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுத்தவர். மனைவி இறந்துவிட்டார், மகள் வேறு நகரத்தில். கண் பழுது. நேரே பார்த்தால் நடுவில் கறுப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்பார். அதனால் எப்போதும் தலையைச் சரித்து, நமக்குப் பக்கத்தில் நிற்கிற ஆரையோ பார்ப்பதுபோல்தான் நம்மைப் பார்ப்பார்.

அவர்களுடைய வேதத்துக்குத் தோரா என்று பெயர். அதை ஒரு வருடத்துக்குப் பிரித்து, கிழமைக்கு ஒரு பகுதியாக வாசிப்பார்கள். இந்தக் கிழமை எசனில் வாசிக்கிற பகுதியைத்தான் உலகத்தில் மற்ற இடங்களிலும் வாசிக்கிறார்கள் என்று சொன்னார். கடைசிப் பகுதி முடிந்ததும் மூச்சு விடாமல் முதலில் இருந்து திரும்பத் தொடங்குவார்களாம். சனி காலை அவர்களுடைய கோயிலுக்குப் போகவேண்டும். காரில் கூட்டிப் போவதெல்லாம் நடக்காது, அன்றைக்கு அவர் வாகனம் ஏறமாட்டார். தடியை ஊன்றி நடந்தே போவார். போவதற்கு முதல் அந்தக் கிழமைப் பகுதியைக் கேட்டுவிட வேண்டும். “கேக்காமல் போய் நிக்கிறது பல்லைக் கழட்டி வச்சிட்டு விருந்துக்குப் போற மாதிரி” என்பார்.

முதல்நாள் அந்தப் பெரிய புத்தகத்தை என் கையில் தந்தபோது, அதில் ஒரு பக்கம் அவர்களுடைய எழுத்து, ஒரு பக்கம் ஜெர்மன். நான் போய்க் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வேதம் ஆருடையது என்றாலும் வேதம்தானே. வாசிக்கத் தொடங்கி அரை மணித்தியாலத்தில், “நீங்கள் வாசிக்கிற வேகத்தில எங்கட ஆக்கள் பாலைவனத்தில இன்னும் நாப்பது வருசம் கூட நடந்திருப்பினம்” என்றார். அவர் பேசியதெல்லாம் ஜெர்மனில்தான். என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாசித்துக்கொண்டு போகும்போது திடீரென்று கையைத் தூக்குவார். “நிப்பாட்டுங்கோ. இப்ப அந்த இடத்தில ஆர் ஆர் நிக்கினம்?” என்று கேட்பார். பெயர் சொல்லப்பட்ட ஆட்களைச் சொன்னால் போதாது. சொல்லப்படாமல் நிற்கிறவர்களையும் சொல்லவேண்டும்.

ஐப்பசி மாதம் வெள்ளப்பெருக்கின் பகுதி வந்தது. பேழைக்குள் ஏறினார்கள், கதவு அடைபட்டது. கையைத் தூக்கினார்.

“எட்டுப் பேர். பிறகு மிருகங்கள்” என்றேன்.

“வெளியில?”

நான் புத்தகத்தில் அந்த வரியைத் திரும்பத் தேடினேன்.

“அங்கதான் கனபேர் நிண்டவை. கதவைச் சாத்தினது கடவுள். உள்ளுக்க இருந்தவையால அதைத் திறக்க ஏலாது. தட்டுற சத்தம் மட்டும் கேட்டிருக்கும். எத்தினை நாள் கேட்டது எண்டு புத்தகத்தில இல்லை.”

அன்று வீட்டுக்கு வந்தபோது சுவரில் ஹீட்டர்க் குழாய் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் கேட்கிற சத்தம். அன்றைக்கு எழுந்து போய்க் குழாயில் கையை வைத்துப் பார்த்தேன். மனைவி, “என்ன, நாடி பிடிக்கிறியளோ” என்றா.

வீட்டில் அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் தம்பியின் மகளுக்கு. பிள்ளை பீலெஃபெல்டில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், தாய் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில். தம்பி இல்லை. இல்லை என்று எழுதினாலும் அது முழுச் சரியில்லை. கடைசிச் சண்டைக்கு இரண்டு வருடம் முதல் மனைவியையும் பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இஞ்ச அனுப்பினான். பின்னால் வாறேன் என்றவன் வன்னிக்குள் அகப்பட்டான். சண்டை முடிந்தது. அவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. பதினாறு வருடமாக அவனுடைய மனைவி பொட்டு வைத்து, தாலியோடுதான் இருக்கிறா. அவவுடைய சாமியறையில் தம்பியின் படம் இருக்கிறது, மாலை போட்டதில்லை.

கலியாணம் வைகாசியில். அட்டை அடிக்கவேண்டும். பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போடுவதா, ‘அமரர்’ என்று போடுவதா? அச்சடிக்கிறவர் இரண்டு முறை போன் எடுத்தார். “ஒரு சொல்லுத்தான் அண்ணை, முடிவைச் சொல்லுங்கோ.” மாப்பிள்ளையின் தாய் மிகவும் மரியாதையாகக் கேட்டா: “ஆரத்தி எடுக்கேக்க ஆர் நிக்கிறது எண்டு முதலே தெரிஞ்சா எல்லாருக்கும் நல்லம், என்ன அண்ணை.” ஐயரிடம் போனேன். பன்னிரண்டு வருடம் தாண்டினால் செய்யலாம் என்றார். தர்ப்பையால் ஒரு உருவம் கட்டி, அதை ஆளாகப் பாவித்து, எரித்து, அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தால் பிள்ளையின் கலியாணத்துக்கு ஒரு குறையும் இராது. “பெரிசாக் கட்டத் தேவையில்லை, ஒரு முழம் காணும். அவர் உடுத்தின துணி ஏதும் இருந்தாக் கொண்டுவாங்கோ, சுத்தலாம்.” மார்கழி பிறக்க முதல் வருகிற கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்தோம்.

தம்பியின் மனைவியைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தமையன் நான்தானே. ஒரு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தேன். சொல்லவேண்டிய ஆறுதல் எல்லாம் சொன்னேன். ஆத்மா சாந்தியில்லாமல் அலையக் கூடாது பிள்ளை, அவனுக்கும் ஒரு விடுதலை வேணும், மகளின்ர வாழ்க்கையைப் பார். இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். சண்டை முடிந்து இரண்டு வருடத்தில், எசனில் அகதி முகாமுக்கு வந்த ஒரு பெடியனைக் கோயிலில் கண்டேன். அவன் தம்பியைத் தெரியும் என்றான். கடைசி நாள், சரணடைந்தவர்களின் பெயர்களைக் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றினார்களாம். தம்பியும் ஏறினானாம். நீலச் சேட்டு, கையில் ஒரு பை, காயம் ஒன்றுமில்லை. ஏறும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தானாம். அந்தப் பஸ் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பிறகு கனடாவுக்குப் போய்விட்டான், தொடர்பு இல்லை.

அந்தக் கிழமை தம்பியின் மனைவி என்னிடம் கேட்டா, “அண்ணை, கோயிலில புதுசா வந்த ஆக்கள் ஆரும் கண்டவையோ?” அப்போது அவவுடைய அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருந்தது. உயிரோடு கண்டதாக ஒருவர் சொன்னால் போதும், ஊருக்குப் போட்டோவைக் கொண்டுபோய்த் தடுப்பு முகாம் வாசலில் நிற்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவ. போனால் திரும்பி வரமுடியாது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுகூட இல்லை. நான் சொன்னேன், “ஒருத்தரும் காணேல்லையாம்.” நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். விசா கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். விசா கிடைத்தபோது, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பா என்று பயந்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பயம் ஒரு வருடம் கூடியது. என் மனைவிக்கும் தெரியாது.

கார்த்திகையில், கண் தெரியாத தகப்பனின் பகுதி வந்தது. கிழவர் ஈசாக்கின் கண் மங்கிப்போகிறது, இளைய மகன் ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு மூத்தவன் மாதிரி ஆசி வாங்க வந்து நிற்கிறான். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கையைத் தூக்கினார். வழக்கமான கேள்விதான் என்று நினைத்தேன்.

“உங்களோட வந்தவரை இருக்கச் சொல்லுங்கோ” என்றார். “கன நேரமா நிக்கிறார்.”

திரும்பிப் பார்த்தேன். கதவடியில் கொளுக்கியில் என் ஜக்கெட் தொங்கியது. “அது என்ர ஜக்கெட்” என்றேன்.

“ஜக்கெட்டும் தெரியுது. அதுக்குப் பக்கத்தில.”

அன்று பின்னேரம் அவருடைய மகளுக்குப் போன் எடுத்தேன். அவ பயப்படவில்லை. கண் டாக்டர் முதலே சொன்னவராம், பார்க்க ஒன்றும் கிடைக்காத கண் தானாகப் படம் கீறும், புத்திக்கு ஒன்றும் இல்லை என்று. “முந்தி யன்னலில குருவியள் தெரியுது எண்டவர், இப்ப ஆக்களோ” என்று சிரித்தா. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி, நான் புத்தகத்தைத் திறக்க முதலே, “இண்டைக்கும் வந்திருக்கிறார்” என்றார். “செவ்வாயில உதவிக்கு வாற பெண்ணோட அவர் வாறேல்ல. உங்களோடதான் வாறார்.”

“என்ன செய்யிறார்?” நான் கேட்டிருக்கக் கூடாது.

“ஒண்டும் செய்யேல்ல. இடக்கையைப் பின்னால கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கேள்வி கேட்டாப் பதில் தெரியாத ஆள் மாதிரி.”

எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாருக்கு முன்னால் தம்பி அப்படித்தான் நிற்பான். நான் அடி வாங்கினாலும் நேரே நிற்பேன், அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எத்தனையோ பேர் அப்படி நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைய பகுதியில் ஒருவன் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, ஏணியும் தேவதூதரும் கனவு காண்கிறான். எழும்பி, இந்த இடத்தில் கடவுள் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல் போயிற்று என்று பயப்படுகிறான். அந்த வரியில் எனக்கு நாக்கு தடக்கியது.

வீட்டில் மனைவியிடம் மெல்லச் சொன்னேன். “இஞ்சருங்கோ, அந்தாளுக்குக் கண்தான் பழுது. உங்களுக்கு என்ன பழுது?” என்றா. என்றாலும் சனிக்கிழமை கோயிலில் என் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வித்தா.

மூன்றாவது வெள்ளி உடுப்பைச் சொன்னார். “நீலச் சேட்டு.”

நான் புத்தகத்தை மேசையில் வைத்தேன்.

“ஆனா பை மட்டும் பச்சை. நெஞ்சுப் பக்கத்துப் பை. என்ன வேலை அது? பல்லு வரிசையில ஒரு பல்லை மட்டும் வேற நிறத்தில வச்ச மாதிரி. நான் எண்டால் அப்பிடி ஒண்டை வெளியில விட்டிருக்கமாட்டன்.”

அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. தம்பி உடுப்பில் கவனமானவன். சாரத்தைக்கூட மடிப்புக் கலையாமல் கட்டுவான். பச்சைப் பை வைத்த நீலச் சேட்டைச் சும்மா தந்தாலும் போடமாட்டான். அப்போ இது அவனில்லை, கிழவரின் கண் கீறிய ஆரோ ஒருவன். அன்று நான் நன்றாக வாசித்தேன், அவரே பாராட்டினார்.

அந்தத் தைரியத்தில் அடுத்த நாள் பீலெஃபெல்டுக்குப் போன் எடுத்து, ஞாயிறு வரப்போகுது, என்ன முடிவு பிள்ளை என்று கேட்டேன். தம்பியின் மனைவி தண்ணீர்க் குழாயைப் பூட்டுவது கேட்டது.

“உடுத்தின துணி ஒண்டும் என்னட்ட இல்லை எண்டு ஐயருக்குச் சொல்லுங்கோ.”

“அது பரவாயில்லை. மற்றது?”

“நீங்கள் சொன்னாச் சரி அண்ணை. உங்கட தம்பி. உங்களுக்குத் தெரியாததோ.”

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசிச் சொல் போகவில்லை. அவ குத்திச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னா. சாமியறைக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டேன். அப்பனே முருகா என்று வாய் சொன்னது, அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அந்தியேட்டிக்கு முதல் வந்த வெள்ளிக்கிழமை யோசேப்பின் பகுதி வந்தது. எங்கள் முறையில் ஐயர் நாள் வைத்தார். அவர்கள் முறையில் அந்தப் பகுதி அந்தக் கிழமைக்கு எப்போதோ வைத்தாகிவிட்டது. நான் ஒன்றும் தெரியாமல் போய் உட்கார்ந்து வாசித்தேன்.

தகப்பன் யாக்கோபு. அவருக்குச் செல்ல மகன் யோசேப்பு. தகப்பன் அவனுக்கு மட்டும் ஒரு விசேஷமான அங்கி செய்து கொடுக்கிறார். தமையன்மாருக்கு எரிச்சல். அவனைக் குழிக்குள் போட்டு, பிறகு அந்த வழியால் போன வியாபாரிகளிடம் விற்றுவிடுகிறார்கள். ஆட்டை வெட்டி, இரத்தத்தில் அங்கியைத் தோய்த்துத் தகப்பனிடம் கொண்டுபோய், இது உங்கட மகன்ர சட்டையோ, அடையாளம் பாருங்கோ என்கிறார்கள். அவர் பார்க்கிறார். கிழித்துக்கொண்டு அழுகிறார். பிள்ளைகள் எல்லாரும் எழும்பி அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவர் ஆறுதலை ஏற்கவில்லை.

பெரியவர் கையைத் தூக்கினார். “அந்த அறையில ஆர் ஆர் நிக்கினம்?”

“தகப்பன். பிள்ளையள்.”

“எந்தப் பிள்ளையள்?”

“ஆறுதல் சொல்ல வந்தவை.”

“அவை ஆர்?”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “வித்தவை” என்றேன்.

“ஓம். ஆறுதல் சொன்ன தமையன்மார் எல்லாருக்கும் விசயம் தெரியும். தெரியாதது ஒரு ஆளுக்குத்தான். அவரைச் சுத்தி நிண்டு, தோளைத் தடவி, அழாதேங்கோ அப்பா எண்டு சொல்லுகினம். தகப்பன் ஏன் ஆறேல்ல எண்டு எங்கட பழைய ஆக்கள் கேட்டவை. செத்தவரை எங்கட மனசு மெல்ல மெல்லக் கைவிடும். அது கடவுள் எங்களுக்குச் செய்த இரக்கம். உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு அந்த இரக்கம் வேலை செய்யாது. அதுதான் ஆறேல்ல எண்டு சொல்லுவினம்.”

பதினாறு வருடம் அழியாமல் இருக்கிற பொட்டு என் கண்ணுக்குள் வந்தது. “அப்ப, ஒரு ஆளுக்கு ஆறேல்ல எண்டால் மற்ற ஆள் உயிரோட இருக்கிறார் எண்டு அர்த்தமோ?”

“அப்பிடித் திருப்பிப் பிடிக்காதேங்கோ” என்றார். “யூத ஆக்களைப் பிடிச்சு ரயிலில ஏத்தின காலத்தில போன எங்கட வீட்டு ஏழு பேருக்குக் குழி இல்லை. எனக்கும் ஆறேல்ல. ஆனா அவை வரமாட்டினம் எண்டு தெரியும்.” மேசைத் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். “அம்மாவைக் கடைசியாக் கண்ட ஒரு ஆள், இந்த நகரத்தில எங்கட தெருவிலதான் இருந்தவர். நாப்பது வருசம் காலமை காலமை எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனவர். சாகக் கிடக்கேக்கதான் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா எந்த ஸ்டேசனில நிண்டவ, காலில என்ன போட்டிருந்தவ எண்டு. அம்மா போனது எனக்குப் பழகிப்போச்சு. அந்த வணக்கங்கள்தான் இன்னும் பழகேல்ல.”

நான் புத்தகத்தை மூடினேன். பகுதி முடியவில்லை. அவர் தலையைச் சரித்தார், எனக்குப் பக்கத்தில் பார்க்கிற அந்தப் பார்வை.

“உங்களோட வந்தவர் இண்டைக்குக் கிட்ட வந்திட்டார். உங்கட கதிரைக்குப் பின்னால நிக்கிறார்.”

திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர், யன்னல் பூட்டித்தான் இருந்தது. எழும்பினேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல், சூப்பை அடுப்பில் சூடாக விட்டுவிட்டு, மெழுகுதிரியை மட்டும் அவருடைய கைக்குக் கிட்ட வைத்தேன். “எனக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்” என்றேன். “பொழுதுபட முதல் போங்கோ” என்றார்.

தர்ப்பையில் ஒரு முழ ஆள். அவர்கள் ஆட்டு இரத்தத்தில் ஒரு சாவு செய்தார்கள், நான் புல்லில் செய்யப் போகிறேன். ரயிலில் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். சனம் நிறைந்த ரயில். எனக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் பீலெஃபெல்ட் வரைக்கும் ஒருவரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தார்கள், உட்காரவில்லை. நான் பையையும் மடியில்தான் வைத்திருந்தேன்.

தம்பியின் மனைவி வேலை முடிந்து வந்து தலை தோய்ந்திருந்தா. என்னைக் கண்டு பதறி, “என்ன அண்ணை, சொல்லாமல் கொள்ளாமல்? அக்காவுக்கு ஏதுமோ?” என்றா. உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், முழுவதையும் சொன்னேன். பெடியன், பஸ், காயமில்லை, திரும்பிப் பார்த்தது. ஒருத்தரும் காணேல்லை என்று நான் சொன்னது பொய் என்றேன். அந்தப் பஸ்ஸில் போனவர்கள் திரும்பி வந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை என்றேன், அதையும் மறைக்கக் கூடாது என்று.

அவ அழவில்லை. “என்ன சேட்டு போட்டிருந்தவராம்?” என்றா.

“நீலம்.”

“சேட்டுப் பை?”

“பச்சை” என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவ எழும்பி உள்ளே போனா. அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பிள்ளையின் பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டா. அடியில் ஒரு சதுரம் வெட்டியிருந்தது, உள்ளங்கை அளவு.

“வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் தைச்சனான். துணி காணாமல் போச்சு. பிள்ளையின்ர சட்டையில வெட்டித்தான் பை வச்சது. இதைப் போட்டா ஊர் சிரிக்கும் எண்டவர். பிள்ளை நெஞ்சில இருக்கட்டும் எண்டு நான் சொன்னனான்.” சட்டையைத் தடவினா. “அப்ப அந்தப் பெடியன் வடிவாத்தான் பாத்திருக்கிறான்.”

அதோடு விட்டிருக்கலாம். அவ நம்பியிருப்பா. எனக்கு அது திரும்பவும் அதே பொய்யாகப் பட்டது.

“பெடியன் பையைப் பற்றிச் சொல்லேல்ல” என்றேன். பெரியவரைப் பற்றி, மூன்று வெள்ளி, முழங்கை, நீலச் சேட்டு, பல்லு வரிசை எல்லாம் சொன்னேன். கண் டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அவ என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தா. “கதவைச் சாத்திப்போட்டோ வந்தனீங்கள்?”

“ஓம்.”

போய்க் கதவைத் திறந்தா. படிக்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. படியில் ஒருவரும் இல்லை. அவ நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றா. நானும் அசையவில்லை. அது தானாக அணைந்துவிடும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். வெகு நேரம் அணையவில்லை.

அணைந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னா: “நான் அங்க போயிடுவன் எண்டு பயந்தனீங்கள். ஓம், போயிருப்பன். போய் வாசலில நிண்டிருப்பன். பதினாலு வருசம் சொல்லேல்ல அண்ணை.” பிறகு, “ஞாயிறு ஒண்டும் வேண்டாம் எண்டு ஐயருக்குச் சொல்லுங்கோ. அட்டையில திரு எண்டு போடட்டும்.”

எங்கள் வீடுகளில் வந்தவரைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்பினது கிடையாது. அன்று நான் குடிக்காமல்தான் ஸ்டேசனுக்கு நடந்தேன். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் ஒரு இளம் பெட்டை வந்து உட்கார்ந்து அப்பிள் சாப்பிட்டது.

மனைவியிடமும் அன்றே சொன்னேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, சாப்பாட்டை மட்டும் மேசையில் வைத்தா. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. மாப்பிள்ளைதான், “அவையின்ர அப்பா, அவைதான் சொல்லவேணும்” என்று முடித்தானாம்.

அடுத்த வெள்ளி நான் போனபோது பெரியவர் கதவடிக்குத் தலையைச் சரித்தார். “இண்டைக்குத் தனியவோ?” என்றார். ஓம் என்றேன். அதன் பிறகு அவர் அந்த ஆளைப் பற்றிப் பேசவில்லை. யன்னலில் திரும்பவும் குருவிகள் தெரிகிறது என்றார்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. தாரை வார்க்க என்னைக் கூப்பிடவில்லை, தம்பியின் மனைவியுடைய தமையன் பாரிசில் இருந்து வந்து மணையில் இருந்தார். எனக்கு அது சரியென்றுதான் பட்டது. தம்பியின் மனைவி பட்டுச்சேலை கட்டி, பொட்டோடும் தாலியோடும் மகளுக்குப் பக்கத்தில் நின்றா. முன்வரிசையில் ஒரு கதிரையில் புது வேட்டியும் சால்வையும் மடித்து வைத்திருந்தது. ஆரோ ஒருவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போனார். “அது ஒரு ஆளுக்கு வச்சிருக்கு” என்று அவ மெதுவாகச் சொல்ல, அவர் எழும்பிவிட்டார். சாப்பாட்டு நேரம் என்னைக் கடந்து போகும்போது, “சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை” என்றா. ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. நான் இலையில் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் பிள்ளை வந்து என் தோளைப் பிடித்தாள். “பெரியப்பா, அம்மா இப்ப கதவைப் பூட்டுறேல்ல. பகலில சும்மா சாத்தித்தான் வச்சிருக்கிறா. நான் ஏசினாலும் கேக்கிறா இல்லை.”

“ஏசாதை” என்றேன்.

அந்தக் கிழமை வெள்ளி பெரியவர் வீட்டுக்குப் போனேன். கூட்டித் துடைத்தேன், வெள்ளைத் துணி விரித்தேன், கை கால் கழுவினேன். உட்கார முதல், மேசையடியில் இருந்து ஒரு கதிரையை இழுத்துக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தேன். கால் தரையில் உராய்ந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

“ஆருக்கு?”

“ஆரும் வந்தால் இருக்கட்டும்.”

அவர் தலையாட்டினார். “சரி, வாசிங்கோ” என்றார். நான் புத்தகத்தைத் திறந்து அந்தக் கிழமைப் பகுதியைத் தேடினேன்.